பிமினி கூரை

பிமினி கூரை என்பது உல்லாசப் படகுகளில் பயணிப்போர் மீது வெயில் படாதவாறு அமைக்கப்படும் மடக்கக்கூடிய துணிக்கூரை ஆகும். உலோகக் குழாய்களாலான சட்டகத்தின் மீது துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். முன்புறமும் பக்கங்களும் திறந்திருப்பதால், அலைத்தெறிப்பைத் தடுக்கப் படகின் முன்பகுதியில் அமைக்கப்படும் மறைப்புகளில் இருந்து இது வேறுபடுகிறது. மிதிவண்டி ரிக்சாக்களின் மடக்குக் கூரையை இது ஒத்தது. நிழல் தரும் இதே துணி பலத்த காற்றில் பாய்போலச் செயற்படும். எனவே, விரைவாக மடக்கக்கூடியதாக இருத்தல் இதன் வடிவமைப்பில் இன்றியமையாத தேவையாகும்.

பெயர்

பிமினி என்பது அமெரிக்காவின் மயாமி நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், பகாமாசு நாட்டில் உள்ள தீவுக்கூட்டம் ஆகும். இது பொழுதுபோக்கு மீன்பிடித்தலுக்குப் பெயர் பெற்றது. இத்தீவுகளின் பெயராலேயே இக்கூரை அழைக்கப்படுகிறது.

அமைப்பு

சட்டகம் பல வளைவுகளைக் கொண்டது. முதன்மை வளைவின் இரு கால்களும் படகின் பக்கச் சுவர்களின் மேல்விளிம்பில் கீல்களால் பொருத்தப்படுகின்றன. ஏனைய வளைவுகள் முதன்மை வளைவின் கால்களுடன் கீல்களால் இணைக்கப்படுகின்றன. இதனால் எல்லா வளைவுகளும் விசிறிபோல ஒன்றன்மேல் ஒன்றாக மடிகின்றன. விரித்த நிலையில், முன்னும் பின்னும் உள்ள நாடாக்களோ தாங்குகால்களோ கூரையை விறைப்பாக வைத்திருக்கின்றன. சிறு படகுகளில் பொதுவாக ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளக் கூரைக்கு மூன்று வளைவுகளும், 2.4 மீட்டர் நீளக் கூரைக்கு நான்கு வளைவுகளும் பயன்படுத்தப்படுகின்றன.

அளவுகளைத் தீர்மானித்தல்

கூரையின் உயரம், நீளம், மடக்கிய பின் அது பிடிக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. எடுத்துக்காட்டாக, 1.8 மீட்டர் நீளமுள்ள கூரையின் நடுவிற்கு நேர் கீழே கீல் இருப்பதாகவும், கூரை கீலில் இருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். முதன்மை வளைவு கூரையின் ஒரு முனையைத் தாங்குமாயின், அது கீலில் இருந்து கிடையாக 0.9 மீட்டர் தள்ளி அமையும். பித்தாகரசு தேற்றத்தின்படி அதன் காலின் நீளம் 1.5 மீட்டர் ஆகும். எனவே, மடக்கிய கூரை படுப்பதற்குக் கீலில் இருந்து குறைந்தது 1.5 மீட்டர் தடையற்ற இடம் வேண்டும். இருக்கை முதுகு, இயந்திரம், கம்பிவேலி போன்றவை அவ்விடத்தில் இருக்கக்கூடாது. பாய்மரப் படகாயின், பாயின் அடித்தண்டு பக்கவாட்டில் திரும்பும்போது கூரையில் இடிக்காத உயரத்தையும் கணக்கிட வேண்டும்.

காற்றின் விசை

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மணிக்கு 36 கி.மீ. (நொடிக்கு 10 மீட்டர்) வேகக் காற்றின் இயக்க அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 61 நியூட்டன் ஆகும். அதே வேகத்தில் எதிர்காற்றில் படகைச் செலுத்தினால், கூரை உணரும் வேகம் 72 கி.மீ. ஆகி, அழுத்தம் நான்கு மடங்காகி 245 நியூட்டனை எட்டும். 5 சதுர மீட்டர் பரப்பின் மீது இவ்வழுத்தம் முழுமையாகத் தாக்கினால், அவ்விசை ஏறத்தாழ 125 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். உண்மையான விசை கூரையின் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்து மாறும். கூரையின் முன்விளிம்பு மேல்நோக்கி இருந்தால் தூக்குவிசை மிகுந்து, கீல்களின் திருகுகள் பிடுங்கப்படலாம். இதனாலேயே கீல்களின் அடியில் வலுவூட்டும் தகடுகள் வைக்கப்படுகின்றன. புயற்காற்றுக்கு முன்பும், படகை இழுவண்டியில் ஏற்றிச் சாலையில் கொண்டு செல்லும்போதும் கூரையை மடக்கி உறையிட வேண்டும்.

பொருட்கள்

சட்டகத்திற்குத் துருப்பிடிக்காத எஃகு அல்லது அலுமினியக் குழாய்கள் பயன்படுகின்றன. அலுமினியம் எடை குறைந்தது. எஃகு வலிமை மிக்கது. உப்புநீரில் இவ்விரு உலோகங்களும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். ஆகவே இடையில் நைலான் போன்ற மின்கடத்தாப் பொருள் வைக்கப்படுகிறது.

துணியாகப் பெரும்பாலும் இழையாக்கும்போதே சாயம் சேர்க்கப்பட்ட அக்ரிலிக் பயன்படுகிறது. இது புற ஊதாக் கதிர்களைத் தாங்கும். காற்றைச் சிறிது புகவிடும். வினைல் பூசிய பாலியெசுட்டர் துணி நீரை நன்கு தடுக்கும்; ஆனால் காற்றைப் புகவிடாது. வெயிலில் பாலியெசுட்டர் தையல் நூல் துணிக்கு முன்பே நைந்துவிடலாம். டெஃப்லான் வகை நூல் இக்குறையைப் பெரிதும் தவிர்க்கிறது. துணி தளர்ந்து குழிவிழுந்தால் மழைநீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. ஆழம் தேங்கும் நீரின் எடை 10 கிலோகிராம் ஆகும்.

நிழலின் எல்லையும் பாதுகாப்பும்

கூரை உச்சிவெயிலை மட்டுமே நன்கு தடுக்கும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் ஒளியும், நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் பக்கங்களின் வழியே வரும். இதற்காகப் பக்கத் திரைகள் இணைக்கப்படுவதுண்டு. எனினும், திரைகளை இறக்கிப் படகைச் செலுத்தும்போது பின்புறம் அழுத்தம் குறைந்து, இயந்திரப் புகை உள்ளே இழுக்கப்படலாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே முன்புறமும் திறப்பு வைத்து, காற்று படகினூடே செல்ல வழி செய்தல் அவசியமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

பாய்மரப் படகு
கூடாரம்
புற ஊதாக் கதிர்