குப்பைத் தொட்டியும் சாட்சி சொல்லும்

திடக்கழிவு அமலாக்க அதிகாரியின் வேலையில் உள்ள அறிவியல்

உங்கள் தாமானுக்கு வாரத்தில் எத்தனை நாள் குப்பை லோரி வருகிறது? கோலாலம்பூர், ஜொகூர் போன்ற இடங்களில் தரைவீடுகளில் வசிக்கும் மாணவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். உணவுக் கழிவு முதலிய பொதுக் குப்பைக்கு இரண்டு நாள். மறுசுழற்சிப் பொருள்கள், பழைய மெத்தை, தோட்டக் கழிவு ஆகியவற்றுக்கு ஒரு நாள். இதை ‘2+1’ முறை என்கிறார்கள்.

பொதுக் குப்பைக்கு ஏன் இரண்டு நாள்? வாரத்திற்கு ஒரு முறை வந்தால் போதாதா? வீட்டு ஈயின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்தால் காரணம் புரியும். நம் நாட்டு வெப்பத்தில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் பொரிந்து புழுவாகிறது. நான்கைந்து நாளில் அந்தப் புழு நன்றாகத் தின்று கொழுத்து, காய்ந்த இடம் தேடி ஊர்ந்து போய்க் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து முழு ஈயாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தொட்டி காலியானால், புழு ஈயாக மாறும் முன்பே லோரியில் ஏறிவிடும். ஒரு வாரம் கிடந்தால், அந்தத் தொட்டியே ஈக்களை வளர்க்கும் பண்ணையாகிவிடும்.

ஆனால் ஒருவர் குப்பையைத் தொட்டிக்குள் போடாமல் சாலையோரத்தில் வீசினால் இந்தக் கணக்கு தப்பிவிடும். அந்தப் பொட்டலம் லோரியின் பாதையிலேயே இல்லை. ஈயும் எலியும் கொசுவும் அங்கே குடியேறும். அதைத் தேடிப் போய், யார் போட்டது என்று கண்டுபிடிக்கும் வேலையைச் செய்பவர்தான் திடக்கழிவு அமலாக்க அதிகாரி.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 2007 ஆம் ஆண்டு திடக்கழிவு மற்றும் பொதுத் தூய்மை மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் 672 என்பது அதன் எண். 2011 செப்டம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களிலும், பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களிலும் இச்சட்டம் பின்பற்றப்படுகிறது. அங்கே இதை அமல்படுத்தும் அமைப்பு எஸ்.டபிள்யூ.கார்ப் எனப்படும் திடக்கழிவு மற்றும் பொதுத் தூய்மை மேலாண்மைக் கழகம். சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மற்ற மாநிலங்களில் ஊராட்சி மன்றங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களின்படி இந்த வேலையைச் செய்கின்றன.

இச்சட்டத்தின் கீழ், 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. தாள், நெகிழி, கண்ணாடி, உலோகம் முதலியவற்றை உணவுக் கழிவோடு கலக்கக் கூடாது. முதல் ஒன்பது மாதம் மக்களுக்கு விளக்கம் சொல்வதிலேயே கழிந்தது. 2016 ஜூன் 1 முதல் அபராதம் தொடங்கியது. தரைவீடுகளுக்கு முதல் குற்றத்திற்கு 50 ரிங்கிட், இரண்டாவதற்கு 100 ரிங்கிட், மூன்றாவதற்கு 500 ரிங்கிட் என்று குற்றப்பதிவு வழங்கப்பட்டது. அதற்கும் மசியாதவர் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே 1,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம்.

அனுமதியில்லாத இடத்தில் குப்பை கொட்டுவது இதைவிடப் பெரிய குற்றம். அதற்கான அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 ரிங்கிட் வரை போகும். சிறைத் தண்டனையும் உண்டு.

முகவரி கிடைத்தால் போதுமா?

இந்த வேலையின் மிகச் சிக்கலான பகுதி இதுதான். ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தாமானுக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் உடைந்த ஓடுகள், சிமெண்டுப் பைகள், பழைய கதவு, சில கறுப்புப் பைகள் கிடக்கின்றன. அதிகாரி முதலில் எதையும் தொடுவதில்லை. நேரமும் இடமும் பதிவாகும்படி படம் எடுக்கிறார். பிறகு கையுறை அணிந்து பைகளைப் பிரிக்கிறார். ஒன்றில் மின்கட்டண ரசீது இருக்கிறது. இன்னொன்றில் இணையத்தில் வாங்கிய பொருளின் பெட்டி, அதன்மேல் பெயரும் முகவரியும். இரண்டிலும் ஒரே வீட்டு எண்.

குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அந்தக் குப்பை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை மட்டுமே ரசீது காட்டும். அதை அங்கே கொட்டியவர் யார் என்று அது சொல்லாது. அந்த வீட்டுக்காரர் சமையலறையைப் புதுப்பித்திருக்கலாம். கழிவை அள்ளிச் செல்ல ஒரு லோரிக்காரருக்கு முறையாகப் பணம் கொடுத்திருக்கலாம். குப்பைக்கிடங்குக் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைத்த அந்த லோரிக்காரர், இரவோடு இரவாக இங்கே கொட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆகவே அதிகாரி வீட்டுக்காரரை விசாரிக்கிறார். வேலை செய்தவர் யார், எந்த நாளில் கழிவு எடுக்கப்பட்டது, ரசீது இருக்கிறதா, வண்டி எண் நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். பக்கத்துக் கடையின் கண்காணிப்புக் கேமராவில் அந்த நாளைத் தேடுகிறார். எடுத்த ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து கிடைத்தது, யார் கையில் இருந்தது என்று எழுதி வைக்கிறார். வழக்கு நீதிமன்றம் போனால் இந்தக் குறிப்புகளே பேசும்.

நீங்கள் அறிவியல் கூடத்தில் செய்வதும் இதேதான். உற்றறிகிறீர்கள், கருதுகோள் அமைக்கிறீர்கள், அதற்கு எதிரான வாய்ப்புகளையும் சோதிக்கிறீர்கள். கூடத்தில் முடிவு தவறினால் பரிசோதனையை மறுபடியும் செய்யலாம். இங்கே தவறினால், செய்யாத குற்றத்திற்கு ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பயம் இல்லாத அதிகாரி நல்ல அதிகாரி அல்லர்.

கலந்தால் என்ன கெட்டுவிடும்?

“எல்லாம் குப்பைதானே, ஏன் பிரிக்க வேண்டும்?” அமலாக்க அதிகாரிகள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. பதில் வேதியியலில் இருக்கிறது.

2012 இல் அரசாங்கம் நடத்திய ஆய்வின்படி, மலேசிய வீடுகளின் குப்பையில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவு. உணவுக் கழிவின் எடையில் பெரும்பகுதி நீர். அந்த ஈரமும் எண்ணெயும் தாளில் பட்டால் என்ன ஆகும்? ஆலையில் பழைய தாளை நீரில் கரைத்துக் கூழாக்குவார்கள். எண்ணெய் நீரில் கரையாது. அது தாளின் நார்களோடு ஒட்டிக்கொண்டு, புதிய தாளில் கறையும் ஓட்டையும் உண்டாக்கும். கறி ஊற்றிய ஒரு பொட்டலம் ஒரு கட்டு நாளிதழையே கெடுத்துவிடும்.

பிரிக்காத குப்பை கடைசியில் நிலத்தில் புதைகிறது. கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் பெரிய வண்டிகளுக்கு மாற்றப்பட்டு, உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பைக்கிடங்குக்குப் போகிறது. புதைந்த உணவை முதலில் உயிர்வளியைப் பயன்படுத்தும் நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. உயிர்வளி தீர்ந்ததும் அது தேவைப்படாத நுண்ணுயிரிகள் பொறுப்பேற்கின்றன. அவை வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கரிவளி. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரிவளியைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். நவீன கிடங்குகளில் குழாய் பதித்து இந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். காலி நிலத்தில் கொட்டிய குப்பைக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அப்படியானால் திறந்து கிடக்கும் குப்பையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆண்டுக்கு 2,000 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. அதில் ஒரு பகுதி குப்பையின் வழியே இறங்கி, அமிலங்களையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுப்பு நீராக வடிகிறது. முறையான கிடங்கில் அடியில் விரித்த தடித்த நெகிழி விரிப்பு அதைத் தடுத்து, சுத்திகரிக்க அனுப்புகிறது. காலி நிலத்தில் அது நேரே கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது.

ஒரு பாட்டில் மூடி, ஒரு மின்கலம்

தரைவீட்டுப் பகுதிகளில் சுற்றிவரும் அதிகாரியின் கண் சின்னப் பொருள்களிலும் இருக்கும். மூடியில்லாத தொட்டி, கவிழ்க்காமல் விட்ட வாளி, பழைய டயர். ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு பாட்டில் மூடி அளவு தேங்கிய நீரே போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். நீர் வற்றினாலும் ஏடிஸ் முட்டைகள் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழையில் பொரியும். டிங்கி பரவும் தாமானில் ஒரு குப்பை மேட்டை அகற்றுவது, நேரடியாக நோயைத் தடுக்கும் செயல்.

இன்னொரு புதிய ஆபத்து லித்தியம் மின்கலம். பழைய கைப்பேசி, பவர் பேங்க், விளையாட்டுப் பொருள் என்று பலவற்றில் அது இருக்கிறது. குப்பை லோரி தன் வயிற்றில் குப்பையை அழுத்தி நசுக்கும் இயந்திரம். மின்கலம் நசுங்கினால் உள்ளே நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொள்ளும். வெப்பம் தானாகவே கூடிக்கொண்டே போய்த் தீப்பற்றும். சுற்றிலும் தாளும் நெகிழியும் இருக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடைந்த கண்ணாடியைச் சுற்றிக் கட்டாமல் பையில் போட்டால், அதைத் தூக்கும் தொழிலாளியின் கை கிழியும். நோட்டீசைப் பெறும் வீட்டுக்காரருக்குத் தெரிவது 50 ரிங்கிட் மட்டுமே. அந்த விதி யாருடைய கையைக் காக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்வது அதிகாரியின் வேலை.

அடுக்குமாடியில் யாரைப் பிடிப்பது?

தரைவீட்டின் முன்னால் இருக்கும் தொட்டி அந்த வீட்டுக்கே உரியது. அதைத் திறந்து பார்த்தால் பிரித்தார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் இருபது மாடிக் கட்டடத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளின் குப்பை ஒரே அறையில் சேர்கிறது. எந்தப் பை எந்த வீட்டுடையது? இங்கே தனி வீட்டைக் குற்றம் சாட்டுவது கடினம். அதனால் கட்டட நிர்வாகத்தோடு பேசி, மறுசுழற்சித் தொட்டிகளை வைக்கச் சொல்லி, குடியிருப்பாளர்களுக்கு விளக்கக் கூட்டம் நடத்துவதே வழி. அபராதம் எட்டாத இடத்தில் பேச்சுத் திறமை எட்ட வேண்டும்.

“நாங்கள் பிரித்துப் போட்டாலும் லோரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?” என்ற குறையும் பல வீடுகளில் கேட்கும். மறுசுழற்சிப் பொருளைப் பொதுக் குப்பை நாளில் வெளியே வைத்தால் அது பொதுக் குப்பை லோரியில்தான் போகும். நாள் பார்த்து வைத்தும் கலந்தால், தேதி, நேரம், வண்டி எண்ணோடு புகார் செய்யுங்கள். சட்டம் வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல, குப்பை அள்ளும் நிறுவனத்தின் வேலையையும் கழகம் கண்காணிக்கிறது.

இந்த வேலைக்கு வர என்ன படிக்கலாம்?

அமலாக்கப் பணியில் எஸ்.பி.எம்., டிப்ளோமா, இளங்கலைப் பட்டம் என்று கல்வித் தகுதிக்கேற்ற நிலைகள் உண்டு. வேதியியலும் உயிரியலும் படித்தவருக்குக் குப்பையின் தன்மை புரியும். சட்டம் தெரிந்தவருக்குச் சாட்சியம் திரட்டத் தெரியும். மலாய் மொழியில் தெளிவாக அறிக்கை எழுத வேண்டும். கோபமாக வரும் ஒருவரிடம் அவருடைய தாய்மொழியில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தமிழ் தெரிந்த அதிகாரிக்கு நம் பகுதிகளில் தேவை உண்டு.

செய்து பாருங்கள்

காலியான சிறிய நெகிழிப் பாட்டில் ஒன்றில் மசித்த வாழைப்பழத்தை மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். வாயில் ஒரு பலூனை இறுக மாட்டி, சூடான அறையில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் பலூனின் சுற்றளவை நூலால் அளந்து ஒரு வாரம் அட்டவணையில் எழுதுங்கள். பலூனை உப்பச் செய்வது நுண்ணுயிரிகள் வெளியிடும் வாயு. இவ்வளவு குறுகிய காலத்தில் அதில் பெரும்பகுதி கரிவளியாகவே இருக்கும், மீத்தேன் உருவாக நாள் பிடிக்கும். பரிசோதனை முடிந்ததும் பெரியவர் ஒருவரின் துணையோடு திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் பலூனைக் கழற்றுங்கள். பழத்தை உணவுக் கழிவிலும், கழுவிய பாட்டிலை மறுசுழற்சிப் பையிலும் போடுங்கள். எந்த நாளில் எதை வெளியே வைக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே!