இலவச வைத்தியமும் நோயாளியின் திருப்தியும்

சேலம் சீமையில் பெரிய வைத்திய வசதி இல்லையென்று இன்று எவரும் குறை கூற முடியாது. சேலம் நகரில் 1986-ம் வருஷத்திலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. 1997-ல் தனி ஜில்லாவாகப் பிரிந்த நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அத்தகைய கல்லூரி திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் கட்டிடம் உயர்ந்த அளவுக்கு ஏழை நோயாளியின் மனமும் நிறைந்திருக்கிறதா என்பதே நமது கேள்வி.

கொல்லிமலைக் குடியானவர் ஒருவர், காய்ச்சலால் வாடும் குழந்தையுடன், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாரென்று வைத்துக் கொள்வோம். எந்த வரிசையில் நிற்பதென்று சொல்வாரில்லை. நண்பகல்வரை காத்திருந்தபின் "நாளைக்கு வா" என்ற விடை கிடைக்கிறது. அவருக்கு அது ஒருநாள் தாமதமன்று; இரண்டு நாள் கூலி நஷ்டம். மறுநாள் கிடைக்கும் மருந்து உயர்ந்ததாகவே இருக்கலாம். என்ன நோய், எத்தனை நாள் மருந்து என்று ஒருவரும் சொல்லாவிட்டால், பாதி மருந்திலேயே அவர் நிறுத்திவிடக் கூடும். ஆகவே, இன்சொல் என்பது வெறும் உபசாரமன்று. சிகிச்சையின் ஓர் அங்கமே.

உலக சுகாதார ஸ்தாபனம் 2000-ம் வருஷத்து அறிக்கையில் இதை வற்புறுத்தியது. நோயாளியின் கண்ணியம், அந்தரங்கம், சிகிச்சை பற்றிய முடிவில் அவருக்குள்ள பங்கு, தாமதமின்மை, துப்புரவு, உற்றாரின் துணை ஆகியவற்றையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. இவற்றில் பலவற்றுக்குப் பொக்கிஷத்தைத் திறக்க வேண்டியதில்லை. மனத்தைத் திறந்தால் போதும்.

சட்டமறிந்தோர் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்றுண்டு. பணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதென்று 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யப்படும் வைத்தியம் அதற்கு உட்படாதென்றும் அதே தீர்ப்புக் கூறியது. காசு கொடுத்தவருக்கு அந்த மன்றத்தின் கதவு திறந்திருக்கிறது. கொடுக்க இயலாதவருக்கு அது மூடியிருக்கிறது. அவ்வாறாயின், அவருடைய குறையை ஆஸ்பத்திரி தானே கேட்டறிவது தயவா, கடமையா? கடமையே என்பது நமது திடமான அபிப்பிராயம். துணி வாங்கும்போதும் வரி செலுத்தும் ஏழை பெறுவது பிச்சையன்று.

கேட்கும் முறையிலும் நேர்மை வேண்டும். படுக்கையில் கிடப்பவரிடம், அவரைப் பராமரிப்பவரே "திருப்திதானே?" என்று வினவினால், "ஆம்" என்பதன்றி வேறு என்ன சொல்வார்? குறைவாகவே எதிர்பார்த்துப் பழகியவருக்குக் கிடைத்ததெல்லாம் நிறைவாகவும் தோன்றலாம். சிகிச்சை பெற்றுச் சென்றவரை டெலிபோன் மூலமாகவும் விசாரிக்கும் ஏற்பாட்டை மத்திய சர்க்கார் 2016-ல் தொடங்கியது. அவ்விதம், வீடு திரும்பியபின் வெளியார் கேட்பதே முறை. கேட்டதையும், அதன்மேல் செய்த சீர்திருத்தத்தையும் வாயிலில் எழுதி ஒட்டவேண்டும்.

தாதியர்மீதும் டாக்டர்கள்மீதும் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. கூட்டத்துக்கேற்ற ஆட்களை நியமியாமல் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது சர்க்காரின் குற்றமே. ஆட்களை நியமிக்கட்டும், வழிகாட்ட ஒருவரை வாயிலில் நிறுத்தட்டும். வழக்காடுபவர் சொல்வதைக் கேளாமல் அளிக்கும் தீர்ப்பு நிலைக்காது. நோயாளி சொல்வதைக் கேளாத வைத்தியத்துக்கு மட்டும் வேறு நீதி உண்டா?