தீக்காயத்தின் முதல் மணி நேரம்: 108 வண்டியில் ஏறும் மருந்துகள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்றால், காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு 108 வண்டி சிவகாசி அரசு மருத்துவமனைக்கு ஓடும். இல்லையென்றால் 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகும். காயம் பெரிது என்றால் மதுரை இராஜாஜி மருத்துவமனை. சிவகாசியிலிருந்து மதுரைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். அந்த வழியில் என்ன மருந்து கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்பது இந்த வட்டாரத்தில் ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மருந்து தண்ணீர். அது வண்டி வருவதற்கு முன்பே தொடங்க வேண்டியது. ஆனால் அதற்கும் முன்னால், ஆளை வெடிக்கும் இடத்திலிருந்து தள்ளிக் கொண்டுவர வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போனவர்கள் பலர் அடுத்தடுத்து வெடித்ததில் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் சொல்லும்வரை உள்ளே போகக் கூடாது.

வெளியே வந்தவரின் உடம்பில் அலுமினியத் தூளோ வெடிமருந்தோ உதிரியாக ஒட்டியிருந்தால், முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். அப்புறம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெதுவாக ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். பூசியதை மருத்துவமனையில் சுரண்டி எடுக்கும்போது அவர் படும் வலியை நினைத்துப் பாருங்கள். உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால் ரொம்ப நேரம் நனைக்க வேண்டாம்; உடம்பு குளிர்ந்துபோகும், அதுவே ஆபத்து. சுத்தமான பருத்தி வேட்டியால் போர்த்திவிடுங்கள். தோலோடு ஒட்டிய சேலையைப் பிய்க்காதீர்கள். வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கழுத்து வெந்திருந்தால் தாலிக்கயிற்றையும் அறுத்துவிட வேண்டும். அதற்குச் சொந்தக்காரர்கள் தயங்குவது இயல்பு. ஆனால் வீங்கும் கழுத்தை எந்தக் கயிறும் இறுக்க விடக்கூடாது.

வண்டியில் ஏறியதும் வருவது ஆக்சிஜன். மூடிய அறையில் புகையை இழுத்தவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். விரலில் மாட்டும் கிளிப் அதையும் ஆக்சிஜன் என்றே கணக்குப் பண்ணிவிடும். அதனால் 98 என்று காட்டினாலும் பை வைத்த மாஸ்க் போட்டு, நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை விடுவார்கள். சும்மா காற்றைச் சுவாசித்தால் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். இப்படி ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். "நம்பர் நல்லாத்தானே இருக்கு, மாஸ்க்கை எடுத்துடுங்க தம்பி" என்று கூட வருபவர்கள் கெஞ்சுவதுண்டு. எடுக்கச் சொல்லாதீர்கள். கந்தகப் புகையால் நெஞ்சு இறுகி விசில் சத்தம் வந்தால், சால்பூட்டமாலை நெபுலைசரில் வைப்பார்கள். குரல் கம்மினாலோ, எச்சிலில் கரி வந்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ உடனே சொல்லுங்கள். தொண்டை வீங்கி அடைத்துக்கொள்வதற்கு முன்பே குழாய் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது டிரிப்ஸ். நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். பாதி உடம்பு வெந்தவர்கூட முதல் அரை மணி நேரம் தெளிவாகப் பேசுவார், சில சமயம் நடந்தே வண்டியில் ஏறுவார். வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். உள்ளே நடப்பது வேறு: வெந்த இடத்து நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நின்றுபோகும். அவர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்பது அதனால்தான். ஆனால் பெரிய காயத்தில் வாய்வழியாக ஊற்றினால் வாந்தி எடுத்துப் புரையேறும். உதட்டை மட்டும் நனையுங்கள்.

நரம்பில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட்டு ஏற்றுவது ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) என்ற உப்புநீர். ஊரில் எல்லா பாட்டிலையும் குளுக்கோஸ் என்பார்கள். இந்த நேரத்தில் பெரியவர்களுக்கு வெறும் குளுக்கோஸ் நீர் உதவாது. அளவுக்கு, டல்லஸ் பார்க்லேண்ட் மருத்துவமனையில் 1960களில் உருவான கணக்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது: 4 மில்லியை எடையாலும் வெந்த சதவீதத்தாலும் பெருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் 8 லிட்டர், 24 மணி நேரத்துக்கு. அதில் பாதி முதல் 8 மணி நேரத்திலேயே போக வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. மருத்துவமனை வாசலை மிதித்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஆளைத் தேடி, வண்டி வந்து, வழியில் ஒன்றரை மணி நேரம் போயிருந்தால், அந்த 4 லிட்டரை ஆறரை மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 4 மில்லிக்குப் பதில் 2 மில்லியில் தொடங்கி, சிறுநீர் வரும் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் மருத்துவர்களும் இன்று உண்டு. எந்தக் கணக்கானாலும் தீப்பட்ட நேரம் தெரிய வேண்டும். ஆம்புலன்சில் இவ்வளவு பெருக்கிப் பார்க்க நேரமில்லை; பெரியவர்களுக்கு மணிக்கு 500 மில்லி என்று தொடங்குவது பரவலான வழிகாட்டுதல்.

வலிக்கு என்ன? பாரசிட்டமால் சிறு காயத்துக்குச் சரி. பெரிய காயத்துக்கு டிரமடால், கெட்டமின், மார்ஃபின் போன்றவை வேண்டும். கெட்டமினின் நல்ல குணம், அளவாகக் கொடுத்தால் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் விழவிடாது. மார்ஃபின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, 2018இல் டிரமடாலும் அதில் சேர்ந்தது. கட்டுப்பாடு நியாயமானதுதான், ஆனால் அதைக் காரணம் காட்டி வெந்த உடம்பை மதுரைவரை துடிக்க விடுவது நியாயமில்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தியதே, நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கத்தான். வலி மருந்தை நரம்பு வழியாகவே கொடுக்க வேண்டும். அதிர்ச்சியில் இருக்கும் உடம்பில் தசைக்கு ரத்தம் சரியாகப் போகாது. இடுப்பில் போட்ட ஊசி அங்கேயே தங்கிக் கிடந்து, ரத்த ஓட்டம் திரும்பியதும் மொத்தமாக ஏறிவிடும். "ஒரு ஊசியாவது போடுங்க" என்று அவசரப்படுத்த வேண்டாம்.

வெடித்த சிதறல் குத்தி ரத்தம் போனால் அழுத்திக் கட்டுவதோடு டிரானெக்சாமிக் அமிலம் உதவும், 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால். ஆன்டிபயாடிக்கும் தீக்காயக் களிம்பும் வழியில் தேவையில்லை. டெட்டனஸ் ஊசியை மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம்.

108இல் வருபவர் மருத்துவர் அல்ல, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர். கட்டுப்பாட்டு மைய மருத்துவரைப் போனில் கேட்டு மருந்து கொடுப்பார். அவர் கேட்கும் முன்னரே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிக்குத் தீப்பட்டது, ஆளின் எடை சுமாராக எவ்வளவு, அறைக்குள்ளா வெளியிலா, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா. நேரத்தைக் காகிதத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தால், சிவகாசியிலிருந்து மதுரைக்கு மாற்றும்போதும் அது கூடவே போகும்.