காத்திருந்தவர்கள் – 9
எரிந்துபோன அகராதி

யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள், ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள்தான் என்று சென்ற வாரம் பார்த்தோம். பேசத் தொடங்கிய பிறகே காயம் பெரிதானது. இந்த வாரம் வங்காளத்துக்குப் போவோம்.

1812 மார்ச் 11, மாலை. செராம்பூரில் பாப்டிஸ்ட் மிஷன் அச்சுக்கூடத்தில் வேலையாக இருந்த வில்லியம் வார்டுக்குப் புகை நாற்றம் அடித்தது. காகிதம் அடுக்கியிருந்த இடத்தில் தீ. கதவு ஜன்னல்களை அடைத்து, தண்ணீர் ஊற்றிச் சில மணி நேரம் அதை மடக்கி வைத்தார்கள். யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட, காற்றுப் புகுந்தது; கட்டடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. காகிதக் கட்டுகளும், கீழை மொழிகள் பலவற்றுக்காக வார்த்திருந்த அச்செழுத்துகளும், வேதாகம மொழிபெயர்ப்புகளின் கையெழுத்துப் பிரதிகளும் போய்விட்டன. மிஷனரி வில்லியம் கேரி பல ஆண்டுகளாகச் சேர்த்துவந்த பன்மொழி அகராதியும் அவற்றோடு போயிற்று.

கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். வில்லியம் கோட்டைக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியர் வேலை. மறுநாள் சக மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன்தான் போய்ச் செய்தியைச் சொன்னார். காத்திருப்பு கேரிக்குப் புதிதல்ல. 1793-இல் இந்தியா வந்தவர், முதல் விசுவாசியான கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். அதற்கிடையில் மகன் பீட்டரைப் புதைத்தார். மனைவி டோரதி மனநோயில் விழுந்து, 1807-இல் இறக்கும்வரை மீளவே இல்லை. ஆனால் கிடைக்காத ஒன்றுக்காகக் காத்திருப்பதைவிட, கையில் இருந்ததை இழந்துவிட்டு மறுபடி தொடங்குவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சாம்பலைக் கிளறியபோது, எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் பெரும்பாலும் கெடாமல் கிடைத்தன. உருகிக் கிடந்த ஈயத்தையே எடுத்து வார்டு மறுபடி எழுத்து வார்க்கத் தொடங்கினார். கேரி மீண்டும் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். ஒருமுறை நடந்த வழியை இரண்டாம் முறை நடப்பது சுலபம் என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் மிஷன் சங்கச் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர் செய்தியைப் பரப்ப, சில வாரங்களிலேயே நட்டத்தை ஈடுகட்டும் அளவுக்குப் பணம் சேர்ந்தது.

விபத்துக்குப் பின் கேரி பிரசங்கித்தது 46-ஆம் சங்கீதத்திலிருந்து. நம்மைத் தம் விருப்பப்படி நடத்தத் தேவனுக்கு உரிமை உண்டு, அதற்கு இணங்குவது நம் கடமை என்றார். இந்த நெருப்பு தங்களைத் தாழ்த்தவே வந்தது என்றும் கருதினார். தன் இழப்பைப் பற்றிக் கேரி அப்படிச் சொல்லலாம். அழுது, சாம்பலில் நின்று, வேலையைத் திரும்பத் தொடங்கிய மனிதருக்கு அந்த உரிமை உண்டு.

அதே வாக்கியத்தை அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் போய்ச் சொல்லுகிறோமே, அதுதான் என்னை வருத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், “கர்த்தருக்கு ஏதோ திட்டம் இருக்கும்மா, பொறுமையா இருங்க” என்கிறோம். அவள் அதைத் தன் வாயால் சொல்ல ஐந்து வருடம் ஆகலாம், சொல்லாமலே போகலாம். அதற்காக அவள் விசுவாசத்தைக் குறைத்து எடைபோட நாம் யார்? சமைத்துக் கொடுங்கள், அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள். அவளுக்கு ஜெபிக்க வாய் வராத நாட்களில் அவளுக்காக நீங்கள் ஜெபியுங்கள்.

நெருப்புக்குப் பிறகு முன்னைவிட அதிகம் அச்சிட்டார்கள் என்று மட்டும் சொல்லி இந்தக் கதையை முடிக்கும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் அந்தப் பன்மொழி அகராதியைக் கேரி மறுபடி எழுதவே இல்லை. 1834-இல் இறக்கும்வரை அந்த இழப்பு இழப்பாகவே இருந்தது. அது திரும்பக் கிடைக்காமலேதான் அவர் இருபது வருடத்துக்கு மேல் தேவனை நம்பினார்.