ஹோட்டல் வேலையும் எமது பெண்களும்

கண்டி நகரம் 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, எசல பெரஹெர என்பவற்றைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்காக வாவியைச் சுற்றிய மலைகளில் ஹோட்டல்களும் விருந்தினர் விடுதிகளும் நிறைந்துள்ளன.

ஐ.நா.வின் உலக சுற்றுலா அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகளவில் இத்துறை ஊழியர்களில் 54 வீதத்தினர் பெண்கள். இலங்கையில் ஏறக்குறைய பத்து வீதம் என்றே கணிக்கப்படுகிறது. இரவு வேலை, வீடு திரும்ப பஸ் இல்லாமை, "ஹோட்டலுக்கா போகிறாள்?" என்ற ஊர்ப் பேச்சு ஆகியவையே தடைகள். கணவனை இழந்த பெண்ணுக்கு அந்தப் பேச்சு இரட்டிப்பாகிறது.

என் களப்பணியில் சந்தித்த ஒரு சகோதரி, யுத்தத்தில் கணவனை இழந்து பிள்ளைகளுடன் கண்டிக்கு வந்தவர். பல வருடங்கள் ஒரு விடுதியில் அறைகளைப் பராமரித்தார். நியமனக் கடிதமும் இல்லை, சான்றிதழும் இல்லை. வேறிடத்தில் வேலை கேட்டபோது, புதியவருக்குரிய சம்பளமே தருவதாகச் சொன்னார்கள். கையில் தொழில் இருந்தும் அதைக் காட்டக் கடதாசி இல்லை.

இதற்கு வழி உண்டு. 1964இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்துக்குக் கண்டியிலும் கிளை உண்டு. வரவேற்பு, அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறல், சமையல் என்பன அங்கு கற்பிக்கப்படும் பிரதான துறைகள். ஏற்கனவே தொழில் தெரிந்தவர்கள் தம் அனுபவத்தைச் செய்துகாட்டி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறவும் முடியும். இடப்பெயர்வில் க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்து மீண்டும் பெறலாம்.

வேலையில் சேரும்போது நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டால், முதலாளி 12 வீதம் செலுத்த வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம் அவரே கட்ட வேண்டும். விருந்தினரிடம் அறவிடும் 10 வீத சேவைக் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, இரவு வேலை முடிந்தால் வாகனம் உண்டா, தொல்லை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே கொஞ்சம் சிங்களமும் ஆங்கிலமும் பழகுங்கள். விருந்தினருடன் பேச மட்டுமல்ல, கையெழுத்திடும் கடிதத்தை வாசித்து விளங்கிக்கொள்ளவும் அது உதவும்.