நினைவுப் படத்தைப் பெருப்பிக்கும்போது

ஊரில் ஒருவர் காலமானால், ஸ்காபரோவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் முதலில் தேடுவது ஒரு படத்தைத்தான். மாலை போட்டு விளக்கேற்றி வைக்கக்கூடிய, முகம் தெளிவாகத் தெரிகிற படம். பல குடும்பங்களில் அது இலகுவில் கிடைப்பதில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும் 2009இல் வன்னியிலும் எத்தனையோ அல்பங்கள் கைவிட்டுப் போயின. மிஞ்சியது ஒரு கலியாணவீட்டுப் படம், அல்லது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். அதை யாராவது கைத்தொலைபேசியில் பிடித்து வட்சப்பில் அனுப்புவார்கள். திரையில் நன்றாகத்தான் இருக்கும். 8க்கு 10 அங்குலத்தில் அச்சிட்டால் கண்ணும் மூக்கும் கரைந்துபோயிருக்கும்.

பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனும் நிறப்புள்ளிகளின் அடுக்கு. கையில் வைத்துப் பார்க்கும் படம் கூர்மையாகத் தெரிய, தாளின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 300 பிக்சல் வேண்டும். 4க்கு 6 படத்துக்கு 1200க்கு 1800. 8க்கு 10 படத்துக்கு 2400க்கு 3000. வட்சப் வழமையான முறையில் அனுப்பும் படத்தின் நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. 1200க்கு 1600 படத்தை 8க்கு 10இல் அச்சிட்டால் அங்குலத்துக்கு 150தான் கிடைக்கும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க அது சமாளிக்கும். ஆனால் கலியாணவீட்டுக் கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தால், கையில் இருப்பது 240க்கு 300 பிக்சலாக இருக்கலாம். அப்படியென்றால் அங்குலத்துக்கு 30.

இந்த இடத்தில்தான் பலர் மென்பொருளை நம்பி ஏமாறுகிறோம். போட்டோஷொப்பின் 'இமேஜ் சைஸ்' பெட்டியில் 72 என்றிருப்பதை 300 ஆக்கிவிட்டால் படம் திருந்திவிடும் என்று நினைக்கிறோம். 'ரீசாம்பிள்' என்ற கட்டத்தில் சரி அடையாளம் இல்லையென்றால், அந்த மாற்றம் பிக்சல்களைத் தொடுவதே இல்லை. தாளில் எவ்வளவு நெருக்கமாக அடுக்குவது என்பதை மட்டும் மாற்றுகிறது. அடையாளம் இருந்தால், இல்லாத புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். விளிம்புகள் மெழுகுபோல வழுக்கும். காசில்லாமல் கிடைக்கும் கிம்ப்பில் இவை இரண்டும் தனித்தனியாக உள்ளன: 'பிரின்ட் சைஸ்' அடுக்கை மட்டும் மாற்றும், 'ஸ்கேல் இமேஜ்' பிக்சல்களையே மாற்றும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்னும் துணிந்து ஊகிக்கின்றன. எங்கள் வீட்டில் பெரியம்மாவின் படத்தை ஒன்றில் போட்டுப் பார்த்தோம். படம் பளிச்சென்று வந்தது. அம்மா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டார்.

ஆகவே பெருப்பிக்கும் வேலையை மென்பொருளில் தொடங்காமல் மூலப் படத்தில் தொடங்குவது நல்லது. ஊரில் இருப்பவரிடம், அதே படத்தை வட்சப்பில் 'டொக்கியுமென்ட்' ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். படத்தைத் திரும்பவும் எடுக்க முடியுமென்றால் இன்னும் நல்லது: கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர்மேலே பிடித்து. ஸ்கானர் கிடைத்தால் 1200 டிபிஐயில் செய்யச் சொல்லுங்கள். 2க்கு 3 அங்குலப் பழைய படம் 300இல் 600க்கு 900 பிக்சல்தான் தரும்; 1200இல் 2400க்கு 3600 தரும். பழைய படமே மங்கலென்றால் ஸ்கானராலும் அதைக் கூர்மையாக்க முடியாது, ஆனால் இருப்பதை இழக்கமாட்டீர்கள். மூலப்படம் இங்கேயே ஒரு மாமியின் அலுமாரிக்குள் இருந்தால், ரொறன்ரோ பொது நூலகத்தின் டிஜிட்டல் இனொவேஷன் ஹப் உள்ள கிளைகளில் ஸ்கான் செய்யும் வசதி உண்டு.

பிறகு வெட்டுதல். கைத்தொலைபேசிப் படம் பெரும்பாலும் 4:3, பழைய கமரா படம் 3:2. 8க்கு 10 சட்டம் 5:4. எதுவும் மற்றதற்குள் அப்படியே அடங்காது. பிரிண்டரிடம் விட்டால் தலைமுடியையோ தோளையோ அதுவே வெட்டிவிடும். முதலில் 'குரொப்' கருவியில் 4:5 விகிதத்தைப் பூட்டி, நெற்றிக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள். மாலை போடுவதற்கு மார்புப் பக்கமும் இடம் வேண்டும்! அகலத்தை மட்டும் இழுத்து நிரப்பாதீர்கள், முகம் வீங்கிவிடும்.

ஊரில் ஸ்டூடியோவில் வடிவமைத்து அனுப்பும் அஞ்சலிப் பக்கங்கள் ஏ4 அளவில் இருக்கும். இங்குள்ள லெட்டர் தாள் அதைவிட 18 மில்லிமீற்றர் கட்டை. அச்சிடும்போது 'பிட் டு பேஜ்' தெரிவு செய்யாவிட்டால் மேலேயோ கீழேயோ ஒரு வரி போய்விடும், அது பெரும்பாலும் திகதி இருக்கும் வரி. படத்துக்கு மட்டும் அந்தத் தெரிவை நிறுத்தி 100 வீதத்தில் அச்சிடுங்கள், இல்லையென்றால் சட்டத்துக்குள் வெள்ளைக்கரை தெரியும்.

ஸ்கான் செய்யும்போது படத்தின் பின்பக்கத்தையும் செய்யச் சொல்ல மறக்க வேண்டாம். ஸ்டூடியோ முத்திரையும் யாரோ பேனையால் எழுதிய ஆண்டும் அங்கேதான் இருக்கும்.