9 லட்சத்துக்கு பழைய ஜேசிபி: உங்க பேர்ல லோன் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



மாசச் சம்பளம் வாங்குற நம்ம எல்லாருக்கும் ஒரு நாள் ஊர்லேர்ந்து இப்படி ஒரு போன் வரும். எனக்கு அய்யலூர்லேர்ந்து வந்தது. பேசினது சித்தப்பா மகன்.

"அண்ணே, ஒரு ஜேசிபி விலைக்கு வந்திருக்கு. 2014 மாடல். ஒன்பது லட்சம் சொல்றாங்க. பேப்பர், சில்லறை வேலை எல்லாம் சேத்து பதினொண்ணு வச்சுக்கலாம். என்கிட்ட ரெண்டு இருக்கு. நீங்க ஒரு மூணு போட்டு, மீதி ஆறுக்கு உங்க பேர்ல லோன் எடுத்தீங்கன்னா, மாசம் அம்பதாயிரம் கையில நிக்கும்ணே."

பையன் பொய் சொல்லல. எட்டு வருஷமா அடுத்தவங்க வண்டியில ஆபரேட்டரா இருக்கான், வேலை தெரியும். "முடியாதுடா"ன்னு ஒரே வார்த்தையில சொன்னா உறவு கசக்கும். "சரிடா"ன்னு சொன்னா, மூணு வருஷம் என் சம்பளத்துல ஈஎம்ஐ போகும். அதனால ரெண்டையும் சொல்லல. "ஒரு வாரம் டைம் குடு, கணக்குப் போட்டுட்டு வர்றேன்"னு சொன்னேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதல்ல மணி நேரக் கணக்கு

எல்லாரும் வண்டி விலையிலதான் பேச்சை ஆரம்பிப்போம். ஆனா ஜேசிபி சம்பாதிக்கிறது மணிக்கணக்குல. அதனால மாசம் எத்தனை மணி நேரம் ஓடும்ங்கிறதுதான் முதல் கேள்வி.

கீழே இருக்கிற நம்பர் எல்லாம் நான் கணக்குக்காக வச்சுக்கிட்டது. உங்க ஊர் ரேட்டை விசாரிச்சு மாத்திப் போட்டுக்கோங்க.

வாடகை மணிக்கு 1,200 ரூபாய். டீசல் மணிக்கு 5 லிட்டர், லிட்டர் 93 ரூபாய்னா 465 ரூபாய். ஆயில், கிரீஸ், ஃபில்டர், ஹோஸ், பக்கெட் பல், டயர் தேய்மானம் எல்லாத்துக்கும் மணிக்கு 150 ரூபாய் ஒதுக்கணும். ஆக, ஒரு மணி நேரம் ஓடினா நிக்கிறது 585 ரூபாய்தான்.

இப்ப மாசா மாசம் நிலையா போற செலவு. ஆபரேட்டருக்கு 22,000. ஓட்டுறது தம்பியே ஆனாலும் அவனுக்குச் சம்பளம் எழுதியே ஆகணும். இன்ஷூரன்ஸ் மாதிரி விஷயங்களுக்கு மாசம் 3,000. 6 லட்சம் கடன், 16 சதவீத வட்டி, 36 மாசம்னா ஈஎம்ஐ சுமார் 21,100. மொத்தம் 46,100.

46,100-ஐ 585-ஆல வகுத்தா 79. அதாவது மாசம் 79 மணி நேரம் ஓடினாதான் உங்க கையிலேர்ந்து காசு போகாது. லாபம் அதுக்கு மேலதான்.

120 மணி ஓடினா 24,000 ரூபாய் நிக்கும். தம்பி சொன்ன அம்பதாயிரத்துல பாதிகூட இல்ல. 50 மணிதான் ஓடுச்சுன்னா? 16,850 ரூபாய் உங்க சம்பளத்துலேர்ந்து போகும்.

இதே வண்டியை கடனே இல்லாம வாங்கினா? 43 மணி நேரம் போதும். வண்டியும் அதேதான், ஊரும் அதேதான். கடன் மட்டும்தான் வித்தியாசம்.

அய்யலூர்ல வேலை இருக்கா?

இருக்கு. காடு சமன் பண்றது, வரப்பு ஒதுக்குறது, சொட்டுநீருக்கும் பைப்புக்கும் குழி எடுக்குறது, கிணறு, வீட்டு அஸ்திவாரம், திண்டுக்கல்–திருச்சி ரோட்டை ஒட்டின மனை வேலை. ஆனா எல்லா மாசமும் ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில மழை பிடிச்சா சகதிக் காட்டுக்குள்ள வண்டி இறங்காது. அய்யலூர் சந்தையில தக்காளி விலை விழுந்தா, காடு திருத்த நெனச்ச விவசாயி "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடுவாரு. செஞ்ச வேலைக்கும் காசு உடனே வராது. டீசலுக்கு இன்னிக்கே காசு குடுக்கணும், காண்ட்ராக்டர்கிட்டேர்ந்து பில் காசு ரெண்டு மாசம் கழிச்சு வரலாம்.

அதனால நான் தம்பிகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "வண்டி வாங்காமலே மூணு மாசம் வேலை பிடி. பிடிக்கிற வேலையைத் தெரிஞ்ச ஓனரோட வண்டியை வச்சு முடிச்சுக் குடு. யாருக்கு, எத்தனை மணி, காசு எப்ப வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுது." வேலை உண்டா இல்லையான்னு அந்த நோட்டு சொல்லிடும்.

எந்த வண்டி, எந்த வருஷம்?

பேப்பர்ல "பொக்லைன்"னு போடுவாங்க, ஊர்ல "ஜேசிபி"ம்பாங்க. ரெண்டுமே கம்பெனி பேருதான். பொக்லைன் பிரான்ஸ் கம்பெனி. ஜேசிபி இங்கிலாந்து கம்பெனி. 1979-ல எஸ்கார்ட்ஸோட கூட்டு சேர்ந்து இந்தியாவுல இறங்கி, ஹரியானா பல்லப்கர்ல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. மஹிந்திரா எர்த்மாஸ்டர், கேஸ், கேட்டர்பில்லர், நம்ம கோயம்புத்தூர் புல்னு மத்த வண்டிகளும் இருக்கு. அதுல சிலது விலை கம்மியா கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க. ஒரு ஹைட்ராலிக் சீல் கிட் வேணும்னா திண்டுக்கல்ல அன்னிக்கே கிடைக்குமா? இந்த வண்டியைப் பிரிச்சுப் பழகின மெக்கானிக் பக்கத்துல இருக்காரா? ரெண்டுக்கும் "ஆமா" வராட்டி, விலையில மிச்சம் பிடிச்சது வண்டி சும்மா நிக்கிற நாள்ல போயிடும்.

வருஷத்துக்கு வருவோம். 2021 ஏப்ரல்லேர்ந்து டயர் வச்ச கட்டுமான இயந்திரங்களுக்கு பிஎஸ் 4 விதி வந்தது. அதுக்குப் பிறகு வந்த என்ஜின்கள்ல எலக்ட்ரானிக் சமாச்சாரம் அதிகம். அதுக்கு முந்தின வண்டியை ஊர் மெக்கானிக்கே கையாளலாம். இந்த பட்ஜெட்டுக்கு அதுதான் நல்லது.

ரொம்பப் பழசும் வேண்டாம். ஜேசிபி மாதிரி வண்டிகளை மோட்டார் வாகன விதி, போக்குவரத்து அல்லாத வாகனம்னுதான் வகைப்படுத்துது. ஆர்சி 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் வண்டியை ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி, அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2014 வண்டிக்கு 2029 வரைக்கும் டைம் இருக்கு. 2011 வண்டின்னா அந்தச் செலவு இப்பவே உங்க தலையில. பேரம் பேசும்போது அதைக் கழிச்சுக்கோங்க.

ஆட்டுக்குப் பல்லைப் பாப்போம், வண்டிக்கு?

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையைப் பாத்திருக்கீங்களா? வாயைத் திறந்து பல்லைப் பாக்காம, முதுகைப் பிடிச்சுப் பாக்காம யாரும் காசை எடுக்க மாட்டாங்க. ஒன்பது லட்ச ரூபா வண்டியை மட்டும் பெயிண்ட்டைப் பாத்து வாங்கலாமா? விக்கிறவர் சொல்ற மெக்கானிக் வேண்டாம். உங்க மெக்கானிக்குக் கூலி குடுத்துக் கூட்டிட்டுப் போங்க. பாக்க வேண்டியது இதெல்லாம்:

1. காலையில போங்க, என்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. ஆறின என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னுதான் பாக்கணும். விடாம நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு அடிக்குதா? என்ஜின் வேலை வருது. டிப்ஸ்டிக்ல ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி இறங்கியிருக்கு, திரும்பி வந்துடுங்க.

2. ஒரு மணி நேரம் குழி தோண்டச் சொல்லுங்க. டீசல் காசை நீங்களே குடுங்க. ஹைட்ராலிக் ஆயில் சூடானதும் பக்கெட் வேகம் குறைஞ்சா பம்ப் தேய்ஞ்சிருக்கலாம். அப்புறம் முன் பக்கெட்டையும் பின் பூமையும் தூக்கி நிறுத்தி, என்ஜினை ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் டீ குடிங்க. தானா கீழ இறங்குதா? சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கு.

3. பின், புஷ் ஆட்டம். பக்கெட்டை லேசா தரையில ஊணி ஆட்டச் சொல்லி, ஒவ்வொரு மூட்டையும் பாருங்க. பின்பக்கம் பூம் திரும்புற கிங் போஸ்ட்ல ஆட்டம் இருந்தா செலவு பெருசு.

4. வெல்டிங் தழும்பு. பூம் அடிப்பக்கம், முன் கை, சேசிஸ்ல புதுசா பெயிண்ட் அடிச்ச இடத்தைச் சுரண்டிப் பாருங்க. பூம் மேல தனியா ஒரு பைப் லைன் ஓடினா, பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டின வண்டியா இருக்கலாம். கிரஷர்ல, குவாரியில அடிபட்ட வண்டியும் காட்டு மண்ணுல ஓடின வண்டியும் ஒண்ணு இல்ல.

5. கியர். முன்னாடி, பின்னாடி ரெண்டும் போட்டு மேட்டுல ஏத்துங்க. கியர் போட்டு ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு நகர்ந்தா, டிரான்ஸ்மிஷன் ஆயிலை மோந்து பாருங்க. கருகின வாசம் வந்தா வேண்டாம்.

6. ஹவர் மீட்டரை நம்பாதீங்க. வருஷம் 1,000 மணின்னு வச்சாலும் பத்து வருஷ வண்டி 10,000 காட்டணும். மீட்டர் 4,800 காட்டுது, ஆனா பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருக்குன்னா, பெடல் சொல்றதுதான் உண்மை.

7. டயர். பின் டயர் ரெண்டும் மொட்டையா இருந்தா, புது டயர் விலையை அங்கேயே கழிச்சுப் பேசுங்க.

நாங்க பாக்கப் போனப்ப காலையில ஆறரை. என்ஜின் சூடா இருந்துச்சு. "இப்பதான்ணே ஓரமா எடுத்து விட்டேன்"னாங்க. மறுநாள் சொல்லாமப் போனோம், அன்னிக்கும் சூடு. அதுக்கு மேல நாங்க பேரமே பேசல.

பேப்பர்: உங்க பேர் எங்க இருக்கு?

பரிவாகன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டா ஆர்சி, இன்ஷூரன்ஸ் காலம், ஃபைனான்ஸ் பாக்கியெல்லாம் பாக்கலாம். ஃபைனான்ஸ் இருந்தா வங்கியோட என்ஓசியும் ஃபாரம் 35-உம் இல்லாம அட்வான்ஸ்கூட குடுக்காதீங்க. என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியோட ஒத்துப்போகணும். ஃபாரம் 29, 30-ல வெறும் கையெழுத்து வாங்கி வச்சுட்டு "பேரை அப்புறம் மாத்திக்கலாம்"ங்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஏன்னா, விபத்து நடந்தா ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர்னு உச்ச நீதிமன்றம் 2018-ல ஒரு வழக்குல தெளிவாவே சொல்லிடுச்சு. அய்யலூர்ல தம்பி ஓட்டுற வண்டி யாரையாவது இடிச்சு, அன்னிக்கு இன்ஷூரன்ஸ் காலாவதியா இருந்தா, சென்னையில ஆபீஸ்ல உக்காந்திருக்கிற உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும். இன்ஷூரன்ஸ் தேதியை உங்க போன்ல போட்டு வைங்க.

இன்னொண்ணு, மண். அனுமதிச் சீட்டு இல்லாம சவுடோ கிராவலோ அள்ளினா வண்டியைப் பறிமுதல் பண்ணுவாங்க. அய்யலூர்ப் பக்கம் காப்புக்காடும் இருக்கு. கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகள்ல 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபர்ல கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. "ஓரமா ஒரு மணி நேர வேலைதான்"னு ராத்திரி கூப்பிட்டா போகக் கூடாதுன்னு முதல் நாளே பேசிடுங்க. வண்டி ஸ்டேஷன்ல நின்னாலும் ஈஎம்ஐ நிக்காது.

வரிக்கும் ஒரு வரி. வாடகை வருமானம் உங்க பேர்ல வந்தா அது தொழில் வருமானம், ஐடிஆர் 1 செல்லாது, 3 அல்லது 4 போடணும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா ஜிஎஸ்டி பதிவும் வேணும். அரசு ஊழியரா இருந்தா நடத்தை விதி உங்க பேர்ல தொழில் பண்ண விடாது. முதல்ல துறையில கேளுங்க.

கடைசியா என்ன ஆச்சு?

தம்பி நோட்டு எழுதிட்டு இருக்கான். முதல் மாசம் 52 மணி, ரெண்டாவது மாசம் 64. 6 லட்சம் கடனுக்கு இது பத்தாது. ஆனா கடனை 3 லட்சமாக் குறைச்சா ஈஎம்ஐ சுமார் 10,500, அப்ப 61 மணி போதும். அதனால எங்க முடிவு இதுதான்: 3 லட்சத்துக்கு மேல கடன் இல்ல, வண்டி விலை போக ஒன்றரை லட்சம் ரிப்பேருக்குன்னு தனியா இருக்கணும், அதைத் தொடவே கூடாது. மீதிப் பணம் சேர இன்னும் ஒரு வருஷம் ஆகலாம்.

இதைச் சொன்னப்ப அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. ஆனா போன வாரம் அவனே கூப்பிட்டான். "அண்ணே, நம்ம பாக்கப் போனோமே அந்த வண்டி, வாங்கினவர் என்ஜினை இறக்கி வச்சிருக்காரு."

உங்களுக்கும் அந்த போன் வந்தா தேதி கேளுங்க, நோட்டு கேளுங்க, ஆறின என்ஜினைக் கேளுங்க. உங்க ஊர்ல ஜேசிபி மணிக்கு என்ன ரேட்டுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அதை வச்சு உங்க கணக்கையும் போட்டுப் பாப்போம்.